அஞ்சல் மாஸ்டருக்கு ஒரு மேஜை வாள்

குழித்துறை அஞ்சல் ஆபீசில் முப்பத்தொரு வருஷம் முத்திரை குத்திய ரசலையன் ஓய்வு பெற்றபோது அவருக்கு ஒரு மாலையும் ஒரு குடையும் கொடுத்தார்கள். மாலை மறுநாள் வாடியது. குடையை அந்த வாரமே பஸ்ஸில் மறந்து வைத்துவிட்டார். அதற்கு முந்திய வருஷம் அவர் மனைவி செசிலி காய்ச்சலில் இறந்திருந்தாள். பிள்ளைகள் இல்லை.

ஒரு மனிதன் யாரோடும் ஒரு வார்த்தை பேசாமல் ஒரு முழு நாளைக் கழிக்க முடியும் என்பதை ரசலையன் அதன்பிறகுதான் கண்டுபிடித்தார். ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் அடுக்களைக்குள் வந்த பூனையை விரட்ட வாயைத் திறந்தவர், தம் குரல் கரகரவென்று வருவதைக் கேட்டுத் தாமே திடுக்கிட்டார். யோசித்துப் பார்த்தபோது, வியாழக்கிழமை காலையில் பால்காரியிடம் "போரும்" என்று சொன்னதுதான் கடைசிப் பேச்சு.

அப்போது மிஷன்காரர்கள் அந்தப் பக்கத்தில் தேனீ வளர்க்கக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ரசலையன் ஒரு நாள் போய்ப் பார்த்தார். மரப்பெட்டியின் வாசலில் தேனீக்கள் வருவதும் போவதுமாக இருந்தன. எங்கிருந்தோ எதையோ கொண்டுவந்தன, உள்ளே பிரித்து அடுக்கின, மறுபடியும் கிளம்பின. முப்பத்தொரு வருஷம் அதே வேலையைப் பார்த்தவருக்கு அது பிடித்துப்போயிற்று. தம் வீட்டு முற்றத்தில் இப்படிப் பத்துப் பெட்டிகள் இருந்தால் வீட்டுக்கு ஒரு போக்குவரத்து இருக்கும் என்று நினைத்தார். பெட்டியைக் காசு கொடுத்து வாங்கலாம். ஆனால் வாங்கினால் ஒரே நாளில் வேலை முடிந்துவிடும். அவருக்கு நாட்கள் நிறைய இருந்தன.

கைவாள் வாங்கி அறுத்துப் பார்த்தார். முத்திரை குத்தித் தேய்ந்த வலது தோள் பத்து இழுப்புக்குமேல் மறுத்துவிட்டது. பெட்டிக்குள்ளே தொங்கவிடும் மெல்லிய சட்டங்கள் ஒரே கனத்தில் இருக்க வேண்டும். அவர் அறுத்தது ஒரு முனையில் விரல் கனமும் மறுமுனையில் தபால் கார்டு கனமுமாக வந்தது.

பக்கத்துத் தெரு சுயம்புலிங்கம் ஆசாரிதான் வழி சொன்னார். "மேஜை வாள்னு ஒண்ணு உண்டு சாரே. பலகைக்கு நடுவுல வட்டமா வாள் நிக்கும். கீழ காலால மிதிச்சா சுத்தும். நீங்க மரத்தத் தள்ளிக் குடுத்தா போரும். தோளுக்கு வேலையே இல்ல."

"எது வாங்கணும்?"

"அது எனக்குத் தெரியாது. நான் கண்டது ஒருக்காத்தான், கொல்லத்துல."

அந்த வாரமே சந்தையில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தது. 'புதிதாக மரவேலை பழக விரும்பும் பொதுஜனங்களுக்கு, அவரவர் சக்திக்குக் கட்டுபடியான மேஜை வாளைத் தேர்ந்தெடுத்துக் கொடுக்கும் பொருட்டு, வடசேரியில் தென்னாட்டுக் கிருகத்தொழில் விருத்திச் சங்கம் ஸ்தாபிக்கப்பட்டு நடைபெற்று வருகிறது. சங்கத்தின் தெரிவுச் சீட்டு உடையவர்களுக்குப் பாதி விலை.' தமக்காகவே யாரோ எழுதி ஒட்டியதுபோல் இருந்தது ரசலையனுக்கு. வேட்டியை மாற்றிக்கொண்டு வடசேரிக்குப் பஸ் ஏறினார்.

சங்கத்தின் கட்டடத்தில் மூன்று பெரிய அலமாரிகளும், கண்ணாடி அடைப்புக்குள் மூன்று மேஜை வாள்களும், ஒரு காரியதரிசியும் இருந்தார்கள். காரியதரிசியின் பெயர் தெய்வநாயகம் பிள்ளை. அவர் ரசலையனை உட்காரச் சொல்லாமல் கேட்டார்.

"மரவேலைக்குப் புதுசா?"

"ஆமா."

"புதுசுன்னு யாரு சொன்னா?"

"நான்தான் சொல்லுகேன்."

"நீரு சொன்னா எப்படி வோய்? நாளைக்கு நல்லா வேல தெரிஞ்சவன் ஒருத்தன் வந்து, எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு ஏமாத்திச் சீட்டு வாங்கீட்டுப் போயிருவான். மரவேல தெரிஞ்ச ஆளு ஒருத்தரு, ஒமக்குத் தெரியாதுன்னு எழுதித் தரணும்."

சுயம்புலிங்கம் ஆசாரி மனப்பூர்வமாக எழுதிக் கொடுத்தார். 'இன்னாருக்கு மரவேலை ஒரு துளியும் தெரியாது. இவர் செய்த முக்காலியில் பூனைகூட உட்காராது என்று சத்தியமாகச் சொல்லுகிறேன்.'

தெய்வநாயகம் பிள்ளை அதை இரண்டு தடவை படித்தார். "அப்பம் முக்காலி செஞ்சிருக்கீரு."

"அது நிக்காது சாரே."

"நிக்குமா நிக்காதாங்கது தரத்தப் பத்தின கேள்வி. செஞ்சீரா இல்லியாங்கது தகுதியப் பத்தின கேள்வி. ரெண்டையும் போட்டுக் குழப்பக் கூடாது."

இப்படியாக ரசலையன் புதியவரும் அல்ல, பழையவரும் அல்ல என்றாகி, 'அனுபவமின்மையில் அனுபவமுள்ளவர்' என்று ஒரு புதிய வகுப்பு உண்டாக்கப்பட்டது. அந்த வகுப்பை என்ன செய்வது என்று ஆலோசிக்க ஓர் உபகமிட்டி ஏற்பட்டது. உபகமிட்டி அவருக்குக் கடிதம் எழுதத் தொடங்கியது.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். வேறொருவராக இருந்தால் இரண்டாவது கடிதத்திலேயே காறித் துப்பிவிட்டுப் போயிருப்பார். ரசலையன் அப்படிச் செய்யவில்லை. ஊர் முழுவதற்கும் கடிதம் பிரித்துக் கொடுத்தவருக்கு, தம் பெயர் எழுதிய கடிதங்கள் அதுவரை அதிகம் வந்ததில்லை. இப்போது மாதம் இரண்டு வந்தன. 'விண்ணப்பதாரர் காலையில் எத்தனை மணிக்கு எழுகிறார்? இரவில் நன்றாக உறங்குகிறாரா? மிதிப்பதற்கு எந்தக் காலை உபயோகிக்க உத்தேசம்? அந்தக் காலில் முன்பு நோவு ஏதேனும் உண்டா?' செசிலி போனபிறகு அவரிடம் ஒருவரும் இத்தனை கேள்வி கேட்டதில்லை. கடிதம் வந்த அன்றே அவர் உட்கார்ந்து, முத்துமுத்தான எழுத்தில், கேட்டதற்குமேல் இரண்டு வரி கூட்டியே பதில் எழுதினார். உறக்கம் பற்றிய கேள்விக்கு ஒரு முழுப் பக்கம் ஆயிற்று.

ஐந்தாம் மாதம் கட்டுபடி இன்ஸ்பெக்டர் வந்தார். ஒருவருக்கு எது கட்டுபடியாகும் என்பதை அவரே அறியமாட்டார் என்பது சங்கத்தின் கொள்கை. ஆகவே வீட்டுக்கு வந்து பார்த்து நிர்ணயிக்க ஜேசுதாஸ் என்ற இளைஞரை நியமித்திருந்தார்கள். ரசலையன் அன்றைக்கு விடியற்காலமே முற்றத்தைத் தூத்துப் பெருக்கி, காப்பி போட்டு, கடையில் அச்சப்பம் வாங்கி வைத்திருந்தார். இன்ஸ்பெக்டர் காப்பியைக் குடித்துக்கொண்டே வீட்டைச் சுற்றிவந்து எழுதினார். நாற்காலி இரண்டு. தலையணை இரண்டு. கோப்பை இரண்டு.

"வீட்டுல ரெண்டு பேரு," என்றார்.

"நான் ஒருத்தன்தான்."

"சாமானம் ரெண்டு பேருக்கு உள்ளதாக்கும்."

"அது எனக்க வீட்டுக்காரிக்க பங்கு. அவ இப்ப இல்ல."

"எங்க போயிருக்காங்க?"

ரசலையன் கிழக்கே கோயில் பக்கம் கையைக் காட்டினார். வேறு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. "கல்லறைத் தோட்டத்துல."

"எப்ப வருவாங்க?"

ஜேசுதாஸ் கெட்டவர் அல்ல. அச்சடித்த பாரத்தில் அடுத்த கேள்வி அதுதான். "வரமாட்டா," என்றார் ரசலையன். இன்ஸ்பெக்டர், 'திரும்பும் தேதி நிச்சயமில்லை' என்று எழுதி, கையெழுத்து வாங்கிக்கொண்டார். போகும்போது அச்சப்பம் நன்றாக இருந்தது என்றார். அந்த ஒரு வார்த்தை நான்கு நாளைக்குப் போதுமானதாக இருந்தது.

பதினைந்தாம் நாள் சங்கத்திலிருந்து கடிதம் வந்தது. வீட்டில் யந்திரம் நிறுவுவதற்குக் குடும்பத்தின் மற்ற அங்கத்தினரின் சம்மதம் வேண்டும். கீழே கையெழுத்திட்டு அனுப்பவும். ரசலையன் அந்தக் காகிதத்தை மூன்று நாள் மேஜைமேல் வைத்திருந்தார். வாழ்ந்த காலத்தில் செசிலியிடம் அவர் எதற்கும் சம்மதம் கேட்டதாக நினைவில்லை. ஒரு மாடு வாங்கலாம் என்று அவள் பத்து வருஷம் சொன்னாள், வாங்கவில்லை. நான்காம் நாள், 'அவள் சம்மதித்திருப்பாள்' என்று எழுதி அனுப்பினார்.

'சம்மதித்திருப்பாள்' என்பது சம்மதமா, சம்மதத்தைப் பற்றிய ஊகமா என்று உபகமிட்டி இரண்டு மணி நேரம் விவாதித்து, இருவர் எதிர்க்க, அதை ஏற்றுக்கொண்டது.

ஒன்பதாம் மாதம் ஆண்டு விழா. விண்ணப்பதாரர்கள் எல்லோரும் வரலாம் என்று அழைப்பு. எல்லோரும் என்றால் அந்த வருஷம் ரசலையன் ஒருவர்தான். தலைவர் தாணப்பன் பிள்ளை முன்பு தாசில்தாராக இருந்தவர். தலைப்பாகையோடு எழுந்து பேசினார்.

"சகோதரர்களே! இந்தச் சங்கம் தொடங்கி ஏழு வருஷங்கள் பூர்த்தியாகின்றன. இந்த ஏழு வருஷத்தில் நாம் தவறான வாள் ஒன்றைக்கூட ஒருவருக்கும் தேர்ந்தெடுத்துக் கொடுத்ததில்லை. (கைதட்டல்.) சரியான வாளையும் கொடுத்ததில்லையே என்று சில பொறாமைக்காரர்கள் கேட்கிறார்கள். அவர்களை நான் கேட்கிறேன்: சரியான வாள் என்று தெரியாமல் எப்படிக் கொடுப்பது? தெரிந்துகொள்ளத்தானே கூடுகிறோம்! முதல் வருஷம் நம்மிடம் ஓர் அலமாரி இருந்தது. இன்று மூன்று. மூன்றும் நிறைந்துவிட்டன. நாலாவதும் மதராசிலிருந்து வருகிறது. தொழில் வளர்ந்திருக்கிறதா இல்லையா என்பதை நீங்களே சொல்லுங்கள். என்னைப் பற்றிச் சொல்கிறார்கள், தாணப்பன் பிள்ளை ஒரு ஆணிகூட அடித்ததில்லை என்று. உண்மை. அதனால்தான் என் அபிப்பிராயத்தில் எந்தப் பட்சபாதமும் கிடையாது!"

கைதட்டல் ஓய்ந்ததும் ஒரு மேஜை வாளைக் கண்ணாடி அடைப்பிலிருந்து முதல் தடவையாக வெளியே எடுத்து மாலை போட்டார்கள். வட்ட வாள் தனியாக ஒரு பெட்டியில் இருந்தது. அதை மாட்டப் போனபோதுதான் பல் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்ற பிரச்சினை எழுந்தது. அங்கத்தினர் பதினொரு பேர். ஆளைப் பார்த்து வர வேண்டும் என்று நாலு பேர் சொன்னார்கள். தலைவர் சம்மதிக்கவில்லை.

"பொதுஜனத்தைப் பார்த்துப் பல்லைக் காட்டுகிற யந்திரம் நம் சங்கத்தின் கௌரவத்துக்கு ஏற்றதல்ல," என்றார். ஏழுக்கு நாலு என்று தீர்மானம் நிறைவேறி, பல் மறுபக்கம் பார்க்க, வாள் தலைமறித்து மாட்டப்பட்டது.

சிப்பந்தி மிதித்தான். வாள் கிர்ரென்று சுற்றியது. பலகை அறுபடவில்லை, கரிந்தது. புகை வந்தது. மண்டபத்தில் எல்லோரும் இருமினார்கள். மரம் ஒத்துழைக்கவில்லை என்று காரியதரிசி குறிப்பெழுதினார். பிலா மரத்துக்குப் பதில் அயினி மரம் கொண்டுவந்தார்கள். அதுவும் கரிந்தது. திருவட்டாறு பக்கத்திலிருந்து நல்ல தேக்கு தருவிப்பது என்று முடிவாகி, எல்லோரும் காப்பி குடிக்கப் போனார்கள்.

ரசலையன் அங்கேயே நின்றார். ஒன்பது மாதமாக ஒவ்வொரு தடவை வரும்போதும் காரியதரிசிக்காகக் காத்திருந்த நேரமெல்லாம் அவர் அந்தக் கண்ணாடிக்குமுன் நின்று வாள்களைப் பார்த்தவர். "பல்லு மறிஞ்சு கெடக்கு மக்கா," என்று சிப்பந்தியிடம் மெதுவாகச் சொன்னார். "கழத்தித் திருப்பிப் போடு."

மிதித்து மிதித்து முழங்கால் வலித்த சிப்பந்தி எந்தத் தீர்மானத்துக்கும் காத்திருக்கவில்லை. மரையைக் கழற்றி வாளைத் திருப்பிப் போட்டு மிதித்தான். ரசலையன் பலகையைத் தள்ளினார். அது வெண்ணெய்போல் இரண்டாகப் பிரிந்து விழுந்தது.

சத்தம் கேட்டு எல்லோரும் கோப்பையோடு ஓடிவந்தார்கள். "யாரு அறுத்தது?" என்றார் தலைவர். கொலை நடந்த இடத்தில் கேட்பதுபோல் இருந்தது குரல்.

"நான்தான் சாரே."

"பல்லு எந்தப் பக்கம் நிக்கணும்னு ஒமக்கு எப்படித் தெரியும்?"

"பாத்தா தெரியுதே."

தலைவர் காரியதரிசியைப் பார்த்தார். காரியதரிசி தலைவரைப் பார்த்தார். கூட்டம் உடனே மறுபடி கூடி இரண்டு தீர்மானங்கள் செய்தது. ஒன்று: விண்ணப்பதாரர் வாளின் பல்லை அறிந்தவராகையால் புதியவர் அல்ல, விண்ணப்பம் தள்ளுபடி. இரண்டு: வாளின் பல்லை அறிந்தவர் சங்கத்தில் வேறு ஒருவரும் இல்லாமையால் அவர் நிபுணர் அங்கத்தினராக நியமிக்கப்படுகிறார். அறுத்த பலகையின் இரண்டு துண்டுகளும் சாட்சியமாக மூன்றாம் அலமாரியில் வைத்துப் பூட்டப்பட்டன.

வாள் கிடைக்கவில்லையே என்ற வருத்தம் ரசலையனுக்கு ஒரு வாரம் இருந்தது. பிறகு குறைந்தது. மாதத்தின் முதல் சனிக்கிழமை அவருக்குப் போக ஓர் இடம் இருந்தது. கைவைத்த நாற்காலி இருந்தது. "மெம்பர் வந்தாச்சா?" என்று ஒருவர் கேட்க, "வந்தாச்சு," என்று இன்னொருவர் சொன்னார். தாம் வந்ததை நாலு சுவருக்குள் யாரோ கவனித்துச் சொல்வது அவருக்குச் சுகமாக இருந்தது. தேனீப் பெட்டியைப் பற்றி அவர் நினைப்பது குறைந்தது.

அவர் கலந்துகொண்ட ஐந்தாவது கூட்டத்தில் ஒரு புதிய விண்ணப்பம் வந்தது. தேவகனி என்ற பெண், முப்பத்தைந்து வயதிருக்கும். கணவன் கண்டிக்குத் தோட்ட வேலைக்குப் போய் நாலு வருஷமாகத் தகவல் இல்லை. பள்ளிப் பிள்ளைகளின் சிலேட்டுக்கு மரச்சட்டம் செய்து கொடுத்தால் இரண்டு பள்ளிக்கூடத்தில் எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்கள். கூலிக்கு அறுத்து வாங்கினால் கையில் ஒன்றும் நிற்காது. சின்னதாக, காலால் மிதிக்கிற வாள் எது என்று சொன்னால் போதும்.

அவள் நின்றுகொண்டே சொன்னாள். ஒருவரும் உட்காரச் சொல்லவில்லை. ரசலையனும் சொல்லவில்லை.

"வீட்டுக்காரரு எப்ப வருவாரு?" என்றார் தெய்வநாயகம் பிள்ளை.

"தெரியாது சார்."

காரியதரிசி எழுதினார். பேனா கீச்சிடுவது கேட்டது. என்ன எழுதுகிறார் என்று ரசலையனுக்கு எட்டிப் பார்க்காமலே தெரிந்தது.

தலைவர் திரும்பினார். "நிபுணர் என்ன சொல்லுகேரு?"

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். அவருக்குப் பதில் தெரியும். கண்ணாடி அடைப்பில் இடது பக்கம் இருக்கிற சின்ன வாள், அவ்வளவுதான். ஆனால் அதைச் சொன்னால் அன்றைய அஜெண்டா முடிந்துவிடும். அந்த மாதம் வேறு விண்ணப்பம் இல்லை. அடுத்த மாதத்துக்கும் இல்லை. விண்ணப்பம் இல்லாத மாதம் கூட்டம் கிடையாது என்று முந்தைய கூட்டத்தில்தான் விதி செய்திருந்தார்கள்.

"அடுத்த கூட்டத்துக்கு வைக்கலாம்," என்றார் ரசலையன்.

"பாத்தீரா, நிபுணருன்னா இதுதான்! அவசரமே கெடையாது," என்று தலைவர் மேஜையைத் தட்டினார்.

தேவகனி தன் காகிதத்தை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போனாள். காப்பி வந்தது. ரசலையன் கோப்பையைக் கையில் எடுத்தார். அது சூடாக இருந்தது. எல்லோரும் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். அவர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். வெளியே வந்ததும் நடையை வேகமாக்கினார்; பஸ் நிற்கும் இடத்துக்கு ஏறக்குறைய ஓடினார்.

அவள் காய்கறிக் கூடைகளுக்கு நடுவே நின்றிருந்தாள்.

"இந்தா கேளுங்க," என்றார் மூச்சு வாங்க. "சிலேட்டுச் சட்டத்துக்குப் பெரிய வாள் வேண்டாம். இருக்கதிலேயே சின்னது போரும். ஆனா மேஜை கனமா இருக்கணும். கைய வச்சு அமுக்கினா ஆடப்பிடாது. மரத்த ஒட்டிப் பிடிக்க ஓரத்துல ஒரு கட்டை உண்டு; அது வாளுக்குச் சரிநேரா நிக்குதான்னு ரெண்டு முனையிலயும் அளந்து பாருங்க. பல்லு உங்களப் பாத்து வரணும். கடைசித் துண்டைக் கையால தள்ளாதீங்க, ஒரு குச்சியால தள்ளுங்க. கோட்டாத்துல மரியான் கடையில கிட்டும்னு சிப்பந்தி சொன்னான். சீட்டு இல்லாட்டி முழு வெல. ஆனா சீட்டு ஒருக்காலும் கிட்டாது. அதுக்காக நிக்காதீங்க."

அவள் முழுவதையும் கேட்டாள். "இத அங்க வச்சே சொல்லியிருக்கலாம்லா சார்?"

"சொல்லியிருக்கலாம்."

"பின்ன?"

ரசலையன் தரையைப் பார்த்தார். "சொன்னா நீங்க திரும்ப வரமாட்டியளே."

அவளுக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. கோபப்படுவாள் என்று நினைத்தார். அவள் கோபப்படவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது.

"எனக்கு ரெண்டு பிள்ளைய உண்டு சார்," என்றாள் மெதுவாக. "நாலு வருஷமா ஒவ்வொருத்தரும் அடுத்த மாசம் வான்னுதான் சொல்லுகாங்க."

பஸ் வந்தது. படியில் கால் வைத்தவள் திரும்பினாள். "இவ்வளவு தெரிஞ்சு வச்சிருக்கீங்க. உங்ககிட்ட எந்த வாள் இருக்கு?"

"எங்கிட்ட வாள் இல்ல," என்றார் ரசலையன்.

அவள் ஏதோ சொல்ல வந்தாள். கண்டக்டர் அவசரப்படுத்தினான். பஸ் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போயிற்று.

ரசலையன் சங்கத்துக்குத் திரும்பவில்லை. கோட்டாற்றுக்கு நடந்தார். மரியான் கடையில் கூட்டமில்லை. மரியான் வெற்றிலையை ஒரு கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு கேட்டார்.

"என்ன மரம் அறுக்கணும்?"

"பிலா. தேனீப் பெட்டிக்கு."

"எத்தறை கனம்?"

ரசலையன் விரலைக் காட்டினார்.

"ஒத்தைக்கா, துணைக்கு ஆள் உண்டா?"

"ஒத்தைக்குத்தான்."

"அப்பம் இது போரும்," என்று மரியான் மூலையில் இருந்த சின்ன வாளைக் காட்டினார். கால் மணி நேரம் ஆகவில்லை. முழு விலை கட்டுபடியாகுமா என்று ரசலையன் தம்மையே கேட்டுக்கொண்டார். ஆகும். பதினான்கு மாதத்துக்கு முன்னாலும் ஆகியிருக்கும்.

திங்கட்கிழமை காலையில் மாட்டுவண்டியில் வாள் வந்து இறங்கியது. வண்டிக்காரன் அதைத் தூக்கி உள்ளே வைத்துவிட்டுப் போய்விட்டான். ரசலையன் மரைகளை முடுக்கி, பல் தம்மைப் பார்க்கிறதா என்று சரிபார்த்து, ஓரக்கட்டையை இரண்டு முனையிலும் அளந்து, மிதிக்கத் தொடங்கினார். வீடு முழுவதும் சத்தம் நிறைந்தது. அடுக்களையில் பாத்திரங்கள் அதிர்ந்தன. பிலாப் பலகையின் மணம் எழும்பியது. குச்சியால் தள்ளித் தள்ளி முதல் சட்டத்தை அறுத்து முடித்தபோது அவருக்கு வேர்த்திருந்தது.

எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஒரே கனம். ஒரு நூல் கூடவில்லை, குறையவில்லை.

"பாத்தியா?" என்றார் சத்தமாக, செசிலியின் நாற்காலிப் பக்கம் திரும்பி.

வாள் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது; மெள்ள மெள்ளக் குறைந்து நின்றது. மரத்தூள் தரையில் படிந்தது. ரசலையன் முகத்து வேர்வையைத் துடைத்தார். பிறகு சட்டத்தை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு, அடுத்த பலகையை எடுத்தார்.